வலக்குழலில் இரண்டு அளவு

மச்சான்,

சுடுதண்ணீரைக் குழலுக்குள் ஊற்றியதும் கூழ்முட்டை நாற்றம் முற்றமெல்லாம் எழும்பிற்று. எரிந்த வெடிமருந்தின் நாற்றம். நேற்றுக் காலை வாவிக்கரைச் சேற்றில் அடர்ந்த கண்ணா மரக்காட்டிலிருந்து வயலுக்குள் ஏறிய பன்றியைச் சுட்டேன். இன்று துவக்கைக் கழுவுகிறேன். உன் தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். இந்த நாற்றம் வந்தால் உன் நினைவு வரும். அது முழுக்க நல்ல நினைவு என்று சொன்னால் பொய்.

மாமா விட்டுப்போன துவக்கு இது. தோட்டா போடுவதல்ல, குழல் வாயால் மருந்தைக் கொட்டி, தும்பு வைத்து, ஈயச் சன்னம் போட்டு, கம்பியால் இடித்து, பின்னால் தீப்பொறிக்குக் கேப்பு மாட்ட வேண்டிய பழைய இரட்டைக்குழல். உரிமம் உன் பேரில் இருந்தது. குறி தப்பாதவன் நான். அதனால் நீ மாட்டுக்கொம்புக் குடுவையிலிருந்து மருந்தை அளந்து போடுவாய், நான் சுடுவேன். சித்தாண்டி வட்டையில் நம் இருவருடைய வயலுக்கும் ஒரே வரப்பு. பன்றி உன் வயல், என் வயல் என்று பார்த்து வருவதில்லை.

ஆனால் அந்த வரப்புத்தான் நம் நடுவில் வந்தது. மாமா பள்ளத்து வயலை மகளுக்குச் சீதனமாக எழுத, உனக்கு மேட்டு வயல் மிஞ்சியது. தண்ணீர் ஏறாத மேடு. நீ என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. பல வருடம் கழித்து, நான் வரப்பை வெட்டி உன் பக்கம் தள்ளிவிட்டேன் என்று வயல் வழக்குப் பார்க்கும் வட்டவிதானையிடம் போய் முறையிட்டாய். அதையும் மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். சத்தியமாக நான் வெட்டவில்லை.

அந்தக் கிழமையில்தான் அது நடந்தது. வெயில் ஏறிய நேரம். பன்றி கண்ணாவுக்குள் படுத்திருந்தது. அதைக் கலைக்க மறுபக்கம் இரண்டு பேர் தகரம் தட்டப் போயிருந்தார்கள். நீ மருந்து போடும் நடுவில் யாரோ கூப்பிட்டார்கள், போய்ப் பேசிவிட்டு வந்தாய். பிறகு துவக்கை என்னிடம் நீட்டினாய்.

"ரெண்டும் போட்டிரிக்கு மச்சான். வலத்தால அடி."

எந்தக் குழலால் சுடவேண்டும் என்று அதுவரை நீ எனக்குச் சொன்னதே இல்லை. ஏதோ ஒன்று உறுத்த, கம்பியை உருவிக் குழலுக்குள் விட்டேன். அதில் மாமா போட்ட இரண்டு கீறல் உண்டு: வெறுங்குழலுக்கு ஒன்று, மருந்து போட்ட குழலுக்கு ஒன்று. இடக்குழலில் கம்பி வெறுங்குழல் கீறல் வரை இறங்கியது. வலக்குழலில் இறங்கவில்லை, மருந்துக்கான கீறல் குழல் வாய்க்கு மேலே நான்கு விரல் உயரத்தில் நின்றது. இரண்டு குழலுக்கும் உரியது ஒன்றிலேயே கிடந்தது. தேய்ந்த பழைய இரும்பு. விசையை இழுத்திருந்தால் என் முகத்தருகே வெடித்துக் கிழிந்திருக்கும்.

நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாவைப் பார்த்து நின்றாய். கேப்பு நனைந்துவிட்டது, இன்றைக்குச் சரிவராது என்று சொன்னேன். பன்றி உன் வயலை உழுதுகொண்டு ஓடிற்று. நீ ஏசவில்லை. என்னை ஏசாமல் விட்டது அன்று ஒருநாள்தான்.

துவக்கை என் வீட்டுக்குக் கொண்டுவந்து தும்பைக் கிளறி எடுத்து, சன்னத்தைப் பத்திரிகைத் தாளில் கொட்டினேன். இவ்வளவும் ஒரு குழலிலா இருந்தது என்று உன் தங்கை கேட்டாள். இரண்டு குழலிலும் என்றேன். மறுநாள் நீ வட்டவிதானையிடம் போய் முறைப்பாட்டைத் திருப்பி எடுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. ஏன் மறுநாளே என்றுதான் மனம் கேட்டது.

அதன்பிறகு எட்டு வருடம் நாம் ஒன்றாகத்தான் காவலுக்குப் போனோம். நீ துவக்கைத் தருவாய். நான் உன் முன்னாலேயே கம்பி விட்டுப் பார்ப்பேன். நீ வேறு பக்கம் பார்ப்பாய். கல்யாண வீட்டில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம், என் மகனுக்கு நீ பெண் பார்த்தாய். உன் வீட்டில் தேத்தண்ணீர் தந்தால், நீ ஒரு வாய் குடித்த பிறகே நான் குடிப்பேன். நீ அதைக் கண்டிருப்பாய்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்தது நான்தான். ஒரு பின்னேரம், உன் மனைவி வெளியே போன நேரம் பார்த்துக் கேட்டாய்.

"அண்டைக்குக் கேப்பு நனையல்லதானே?"

கஞ்சிக் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தேன்.

"வீட்ட போய் மருந்துக் கொம்பப் பார்த்தாப் பிறகுதான் விளங்கின, ஒண்டுக்க ரெண்டு தரம் போட்டிட்டன் எண்டு. நீ கேப்பாய் எண்டு இருந்தன். எட்டு வருசமா இருந்தன்."

உன் கையைப் பிடித்தேன். சரி மச்சான், விடு என்றேன். அழுதோம். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

செத்த வீட்டில் பறை அடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. இரண்டு குழலுக்கு இரண்டு அளவு மருந்து. அதை ஒரே குழலில் போட்டாலும் கொம்பில் குறைவது அதே இரண்டு அளவுதான். கொம்பைப் பார்த்து உனக்கு எப்படி விளங்கும்?

வேறு எப்படியோ விளங்கியிருக்கலாம். நான் கம்பி விட்டதைக் கடைக்கண்ணால் கண்டிருக்கலாம். சாகக் கிடந்தவனுக்கு ஞாபகம் பிசகியிருக்கலாம். இல்லாவிட்டால் உனக்கு முதலிலேயே தெரிந்திருக்கலாம். மூன்றையும் மாறி மாறி நம்புகிறேன். காலையில் ஒன்று, வெயில் தாழ வேறொன்று.

உன் திவசத்துக்கு உன் தங்கை உனக்குப் பிடித்த இறால் சொதி வைத்துப் படைக்கிறாள். படைத்து முடித்ததும் ஒவ்வொரு வருடமும் என்னிடம் ஒரே கேள்வி கேட்பாள்.

"நம்மட அண்ணன் நல்ல மனிசன்தானே?"

ஓம் என்று சொல்கிறேன். ஆனால் அந்த ஓம் ஒரு கணம் பிந்தித்தான் வாயில் வருகிறது. எவ்வளவு முயன்றும் அதை முந்த வைக்க முடியவில்லை. போன திவசத்தில் அவள் அதைக் கவனித்துவிட்டாள். இலையை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீங்கள் அண்ணனுக்கு ஏதும் செய்தீர்களா என்று கேட்டாள்.

இல்லை என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை. நம்ப வைக்க வேண்டுமென்றால் வலக்குழலில் நீ போட்டதைச் சொல்ல வேண்டும். உன்னை நான் சொல்லமாட்டேன்.