கோப்பியின் கஞ்சி

3 மார்ச் 2025, திங்கள்

எங்கள் நாய் கோப்பிக்கு மூன்றாவது கதிர்வீச்சு முடிந்தது. இடுப்புக்குள் இருக்கும் கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டதாம். ஆனால் கதிர் குடலையும் சுட்டுவிட்டது. பினாங்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் காரின் பின் இருக்கை முழுவதும் கழிந்துவிட்டான். அவனுக்கு வெட்கம். எனக்கு மூக்கைப் பிடிப்பதா ஸ்டீரிங்கைப் பிடிப்பதா என்ற குழப்பம்.

கால்நடை டாக்டர் நிகோல், சின்னப் பெண், இரண்டு மருந்து தந்திருந்தார். கெட்ட கிருமியைக் கொல்ல ஆண்டிபயாட்டிக் மாத்திரை. இரண்டு மணி நேரம் கழித்து, நல்ல கிருமியைக் குடலில் குடியேற்ற ஒரு பொடி. மேலே விளக்கப் போனவரை நிறுத்தினேன்.

"டாக்டர், இருபத்திரண்டு வருஷமா சாப்பாட்டுக் கடைக்குத் தயிர் ஒற ஊத்துற ஆளு நானு. கிருமி பத்தி எனக்கேவா?"

பாவம், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

6 மார்ச்

மாத்திரை சரியாக. பொடி சரியாக. கழிச்சல் அதைவிடச் சரியாக.

8 மார்ச், சனி

ஒரு கிலோ குறைந்துவிட்டான். கழிச்சல் நிற்காவிட்டால் கடைசிக் கதிர் கொடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது இல்லாவிட்டால் கட்டி மறுபடி வளரும். பயமாக இருக்கிறது.

என் மனைவி குணசுந்தரி கடைக்குச் சாப்பிட வருகிறவர்களிடமெல்லாம், "அந்தப் பொடி சும்மா மாவு லா" என்கிறாள். நானும் தலையாட்டினேன்.

9 மார்ச்

டாக்டருக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

"அங்கிள், பொடிய எதுல கலக்குறீங்க?"

"கஞ்சிலதான். அடுப்புலேர்ந்து எறக்குனதும் சுடச்சுட—"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கொதிக்கிற பாலில் எவனாவது உறை ஊற்றுவானா? தினமும் சுண்டு விரலை விட்டு, சூடு பார்த்துத்தானே ஊற்றுகிறேன்? ஆறு நாளா நல்ல கிருமிய வேக வச்சு நாய்க்கு ஊட்டியிருக்கேனே, நான்லாம் ஒரு தயிர்க்காரன்!

கதிரை ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கிறார். என் தப்பைக் குணாவிடம் சொல்லவில்லை.

10 மார்ச்

கஞ்சி ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சுண்டு விரலை விட்டுப் பார்த்தேன். கோப்பி விரலை நக்கினான்.

13 மார்ச்

இன்று ஒரே தடவை. கெட்டியாக. படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். பிறகுதான் பார்த்தேன், கையில் இருந்தது குணாவின் போன்.

17 மார்ச், திங்கள்

கடைசிக் கதிர் முடிந்தது. குணா டாக்டரிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"மொதல்ல அந்தப் பொடி வேலை செய்யலதானே, டாக்டர்?"

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இருக்கலாம் லா, ஆண்ட்டி."

அந்தப் பெண் எனக்காகப் பழியை வாங்கிக்கொண்டது தாங்கவில்லை. திரும்பும் வழியில் கூலிம் ஊரைத் தாண்டியதும் உண்மையைச் சொல்லிவிட்டேன். குணா பாடாங் செராய் வரும்வரை சிரித்தாள். நாளை கடையில் என் கதைதான் ஓடும். ஓடட்டும்.

வீட்டு வாசலில் காரின் பின் கதவைத் திறந்தேன். கோப்பி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். இருக்கை காய்ந்தே இருந்தது.