பேட்டன் விழுந்த இடம்

செய்யூர்,
6.1.2025

அன்புள்ள விஷாகாவுக்கு,

தமிழ்ச்செல்வி எழுதுவது. நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய்.

திருச்சியிலிருந்து திரும்பியதிலிருந்து உனக்குப் போன் போட்டுப் பார்க்கிறேன், போகவே இல்லை. நம் ரிலே குரூப்பிலிருந்தும் விலகிவிட்டாய். போன ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கல்பாக்கம் வந்து உங்கள் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினேன். அம்மா காபி கொடுத்தார்கள். "அவ சென்னைல ஹாஸ்டல்ல இருக்கா. புது நம்பர யாருக்கும் குடுக்காதேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. வேணும்னா லெட்டர் போடும்மா" என்று இந்த விலாசத்தை எழுதிக் கொடுத்தார்கள். பேசும்போது என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. ஏன் பார்க்கவில்லை என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். மாநிலப் போட்டியின் ஃபைனலில் ஜோதிலட்சுமி முதலில் ஓடினாள், வசுமதி இரண்டாவது, நீ மூன்றாவது, நான் கடைசி. நீ என்னிடம் வரும்போது நாம்தான் முன்னால் இருந்தோம். எத்தனை மாதம் மாமல்லபுரம் கடற்கரை மணலில் கால் புதைய ஓடிப் பழகினோம்! பழகும்போது ஒருநாளும் கை தவறாத பேட்டன் குச்சி, அன்றைக்கு மட்டும் எப்படி நழுவியது?

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். திருச்சிக்குப் புறப்பட்ட அன்று செங்கல்பட்டு ரயில் நிலையத்தில், சென்னை கிளப்பின் கோச் கலைவாணன் உன்னைத் தனியாக அழைத்துப் பேசினார். நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது பார்த்தேன். கேட்டதற்கு "சும்மாதான்" என்றாய். ஃபைனலில் இரண்டாவதாக வந்து வெள்ளி வாங்கியது யாருடைய அணி? அவருடைய அணி. திரும்பும்போது எங்களோடு ரயிலுக்கு வராமல், சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரு வெள்ளைக் காரில் ஏறினாய். திருச்சியில் உனக்குச் சித்தி இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

வெற்றி பெற்றிருந்தால் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மனு போட்டிருப்பேன். இப்போது நைனா கல்யாணத் தரகரை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். உனக்கு அந்தக் கவலை இல்லை. உன் அப்பா உன்னை ஓடு என்றுதான் சொல்வார், நில் என்று சொல்ல மாட்டார்.

பதில் எழுது. பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தமிழ்ச்செல்வி


சென்னை,
17.1.2025

அன்புத் தமிழுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன். படித்து முடித்ததும் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். பதில் எழுத இத்தனை நாள் ஆனது அதனால்தான்.

நான் பேட்டனை வேண்டுமென்று விடவில்லை. யாரிடமும் எதற்கும் விலை போகவில்லை. இதை எழுத வேண்டி வந்ததே எனக்குக் கேவலமாக இருக்கிறது.

என்ன நடந்தது என்று நீயும் ஒருமுறை யோசித்துப் பார். நான் 'ஸ்டிக்' என்று கத்தினால் நீ திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்ட வேண்டும். அன்றைக்கு நான் கத்துவதற்கு முன்பே நீ திரும்பினாய். உன் வேகம் குறைந்தது, நான் முழு வேகத்தில் வந்து உன்மேல் மோதினேன். உனக்கு ஞாபகம் இல்லையா?

கலைவாணன் சாரைப் பற்றியும், அந்தக் காரைப் பற்றியும் இப்போது சொல்ல முடியாது. காரணம் இருக்கிறது. தப்பான காரணம் இல்லை. இவ்வளவு நாள் பழகியதற்கு இந்த ஒரு சொல்லை நம்பு.

அம்மா உன் முகத்தைப் பார்க்காததற்கு நான்தான் பொறுப்பு, அவள் இல்லை. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

உன் வீட்டில் கல்யாணப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல். மே மாதம் இன்னொரு போட்டி வருகிறது.

விஷாகா


செய்யூர்,
2.2.2025

விஷாகா,

"இப்போது சொல்ல முடியாது" என்று எழுதினால் நான் என்ன நினைப்பேன் என்று உனக்குத் தெரியாதா?

நான் திரும்பினேன் என்கிறாய். எதற்குத் திரும்பினேன்? அந்த ரயில் நிலையத்துப் பேச்சுக்குப் பிறகு நீ எங்களோடு சரியாகப் பேசவே இல்லை. சாப்பிடும்போதும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாய். நீ வருகிறாயா, வந்தாலும் ஒழுங்காகக் கொடுப்பாயா என்று எனக்கு அந்த நிமிஷம் தோன்றிவிட்டது. தோன்ற வைத்தது யார்?

நம் கோச் ராகவன் சாரைப் போய்க் கேட்டேன். மைதானத்தில் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், "அதையெல்லாம் விட்ருமா. நீ பிராக்டிஸப் பாரு" என்றார். பத்து வருஷமாக மாணவிகளைத் திட்டித் திட்டியே ஓட வைத்தவர். உன் பேரைச் சொன்னதும் அவர் குரல் தணிந்துபோனது. ஆக, அவருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியக் கூடாது.

போன வாரம் ஜோதிலட்சுமி ரயில்வே தேர்வுக்குச் சென்னை போயிருந்தாள். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "இன்னாடி, உனக்கு மேட்டரே தெரியாதா? அந்தக் கிளப்பு கிரவுண்டாண்ட போனேன். நம்ம விஷாகா அவங்க நீல ஜெர்ஸிய மாட்டிகினு சும்மா ஜம்முனு உக்காந்துகினு கீறா. என்னப் பாத்துட்டு மூஞ்சிய திருப்பிகினா" என்றாள். நான் அங்கேயே நின்றேன். நான் ஏற வேண்டிய பஸ் போய்விட்டது.

கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடச் சொல்லி எனக்குப் புத்தி சொல்கிறாய். உன் உடம்பில் நீல ஜெர்ஸி ஏறிவிட்டது. என் கழுத்தில் எது ஏறப் போகிறது என்று உனக்கென்ன?

உண்மையை எழுதுவதாக இருந்தால் எழுது. இல்லையென்றால் இதோடு நிறுத்திக்கொள்வோம். உன் பிறந்தநாளுக்கு வாங்கிய சுடிதார் துணி என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் கல்பாக்கம் வீட்டுக்கு வசுமதியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தமிழ்ச்செல்வி


சென்னை,
3.3.2025

அன்புத் தமிழ்,

இதைப் படித்த பிறகு யாரிடமும் சொல்லாதே. ஜோதியிடம் கண்டிப்பாகச் சொல்லாதே.

என் வலது முழங்கால் போய்விட்டது. உன்மேல் மோதி விழுந்தேனே, அப்போது உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. எழுந்து நடந்துதான் வந்தேன். அறைக்குப் போவதற்குள் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. உள்ளே இருக்கும் தசைநார் அறுந்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. டிசம்பர் கடைசியில் ஆபரேஷன் செய்தார்கள். நீ கல்பாக்கம் வந்த அன்று நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன், ஹாஸ்டலில் இல்லை. உன் முதல் கடிதத்தைக் கட்டிலில் படுத்தபடிதான் படித்தேன்.

ராகவன் சாரிடம் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று. முழங்கால் போன ஓட்டக்காரியை எந்த அணி எடுக்கும்? எந்த வேலைக்கு ஒதுக்கீட்டில் கூப்பிடுவார்கள்? என் அப்பா நில் என்று சொல்ல மாட்டார் என்று எழுதியிருந்தாய். ஆபரேஷன் முடிந்த அன்றே சொல்லிவிட்டார். "போதும்மா, பேங்க் பரீட்சைக்குப் படி" என்றார். மறுபடி ஓடும்வரை யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் போன் எண்ணை மாற்றினேன். அது என் சுயநலம். ஒத்துக்கொள்கிறேன்.

கலைவாணன் சார் அன்றைக்கு ரயில் நிலையத்தில் என்னைத் தன் கிளப்புக்கு வரச் சொன்னார். "எங்க நாலு பேர பிரிக்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். என்னை மட்டும் கூப்பிட்டார் என்று தெரிந்தால் போட்டிக்கு முன்னால் உன் மனசு வாடுமே என்று விட்டுவிட்டேன். சாப்பிடும்போது போனைப் பார்த்தது உண்மை. அவர் திரும்பத் திரும்ப மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார். நான் திரும்பத் திரும்ப முடியாது என்று பதில் போட்டுக்கொண்டிருந்தேன்.

சித்தி வீடு என்றது பொய்; வீக்கத்தைத் தொளதொள பேன்ட்டில் மறைத்துக்கொண்டேன். காலை மடக்க முடியாததால்தான் ரயிலில் வரவில்லை. அவருடைய காரில் பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு சென்னை வந்தேன். அவருக்குத் தெரிந்த டாக்டர்தான் ஆபரேஷன் செய்தார். அவர்கள் மைதானத்தில்தான் நடைப் பயிற்சி. ஜெர்ஸி போடாவிட்டால் வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார். ஜோதி பார்த்தபோது நான் உட்கார்ந்திருந்தது ஜம்பத்துக்கு இல்லை. நிற்க முடியவில்லை.

ஒன்று கேட்கலாமா? நான் டிராக்கில் விழுந்து கிடந்தபோது நீ குனிந்தாய். எனக்குக் கை கொடுக்கத்தான் குனிகிறாய் என்று நானும் கையைத் தூக்கினேன். நீ பேட்டனை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அது உனக்குத் தெரியுமா, தமிழ்?

சுடிதார் துணி வந்து சேர்ந்தது. நிறம் எனக்குப் பிடித்த நிறம்.

உன்
விஷாகா


செய்யூர்,
18.3.2025

என் அன்பு விஷாகாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா தேடிக்கொண்டு வந்து, "இன்னாடி ஆச்சி? யார்னா இன்னாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

உன்னைச் சந்தேகப்பட்டது என் புத்திகெட்டத்தனம். நீ எழுதியதை ஒரு வரி விடாமல் நம்புகிறேன். படித்த நிமிஷத்திலிருந்தே நம்பிவிட்டேன். ஜோதியிடமும் வசுமதியிடமும் மூச்சு விடவில்லை.

நீ கீழே கிடந்தது எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. குச்சி மட்டும்தான் கண்ணில் பட்டது. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

உடனே ஓடி வந்து உன்னைப் பார்க்கத்தான் ஆசை. ஆனால் கழனியில் தர்பூசணி அறுப்பு நடக்கிறது. லாரி வந்து நிற்கிறது, ஆள் கிடைக்கவில்லை. சென்னைப் பக்கம் தலைகாட்டவே நேரமில்லை. அறுப்பு முடிந்ததும் கண்டிப்பாக வருகிறேன். என்ன வேண்டும் சொல், கொண்டு வருகிறேன்.

கால் எப்படி இருக்கிறது? டாக்டர் எப்போது ஓடலாம் என்கிறார்? மே மாதப் போட்டிக்கு உன் இடத்தில் மதுவந்தி என்ற புதுப் பெண்ணைச் சேர்த்திருக்கிறார் சார். திருக்கழுக்குன்றத்துப் பெண். நல்ல வேகம். ஆனாலும் அது உன் இடம்தான். தரகரிடம் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நைனா சொல்லிவிட்டார். எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

என்றும் உன்
தமிழ்


சென்னை,
27.3.2025

அன்புள்ள தமிழ்ச்செல்விக்கு,

கடிதம் கிடைத்தது. கால் பரவாயில்லை. முழங்காலில் பெல்ட் போட்டுக்கொண்டு மெதுவாக நடக்கிறேன். ஓடுவதற்குக் குறைந்தது இன்னும் ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள். கல்யாணப் பேச்சு தள்ளிப்போனதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

நீ கடிதம் எழுதியது செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை காலையில் கிளப் மைதானத்துக்கு வெளியே, கம்பி வேலி ஓரமாக ஒரு பால் வண்டிக்குப் பின்னால் நின்றாய். துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாய். எத்தனை பேர் நடுவிலும் நீ நிற்கும் நிலையை வைத்தே உன்னை எனக்குத் தெரியும். உன் முதுகைப் பார்த்து ஓடி வந்தே எனக்குப் பழக்கம்.

முதலில் என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். நீ உள்ளே வரவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாய். வாட்ச்மேனிடம் ஏதோ கேட்டாய். பிறகு அவரே என்னிடம் வந்து சொன்னார்: "யாரோ ஒரு பொண்ணு வந்துச்சி பாப்பா. உனக்கு நெசமாவே ஆபரேசன் ஆச்சான்னு கேட்டுச்சி. ஆமான்னேன்."

அன்றைக்கு எனக்கு ஐந்து சுற்று நடக்கச் சொல்லியிருந்தார்கள். நீ கூப்பிடுவாய் என்று ஆறாவது சுற்றும் நடந்தேன். அதை முடித்துப் பார்த்தபோது பால் வண்டி மட்டும்தான் நின்றிருந்தது.

வந்து சோதித்துவிட்டுப் போனது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. நான் மறைத்தவள், நீ சோதித்தாய். சரிதான். ஆனால் படித்த நிமிஷத்திலிருந்தே நம்பிவிட்டேன் என்று அதற்குப் பிறகு உட்கார்ந்து எழுதினாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சென்னைக்கு வந்துபோனேன், சந்தேகம் தீர்ந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே உனக்குப் போன் செய்திருப்பேன்.

அறுப்பு முடிந்து நீ வர வேண்டாம். நானும் நம் செங்கல்பட்டு அணிக்குத் திரும்ப வரப் போவதில்லை. கால் சரியானால் இங்கேயே ஓடுவேன். கலைவாணன் சாரிடம் நேற்றுதான் சம்மதம் சொன்னேன்.

மதுவந்தியைப் பற்றி எழுதியிருந்தாய். சின்னப் பெண்ணாக இருப்பாள். உன்னிடம் கொடுக்க வரும்போது பயந்துகொண்டே வருவாள். அவள் கத்தும்வரை முன்னால் பார்த்து ஓடு. ஒருவேளை அவள் விழுந்தால், முதலில் அவளைத் தூக்கு.

நைனாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம்.

விஷாகா