ரெண்டு பேரை விட்டுட்டு எழுதின பேப்பர்

என் கண்ணுக்கு,

அம்மா எழுதறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியா இருக்கணும். எப்பவும் எழுதற வரிதான், ஆனா இந்தத் தடவை அதை எழுதவே கை கூசுது, ஏன்னு படிச்சா உனக்கே புரியும். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மாடிப்படி ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆகல, மாடி ரூம் ஒழுகுதுன்னு ஏணி போட்டுக் கூரையில ஏறிட்டார், கேட்டா ஏணி மாடிப்படியில்லையேங்கறார். எதிர்வீட்டு டீச்சர் தினமும் உன்னை விசாரிக்கறாங்க, நல்லா இருக்கான்னு சொல்லி வெக்கறேன். நீ என் போனை எடுத்துப் பதினாறு நாள் ஆச்சு. அதுக்கு உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன். அன்னைக்கு நான் போன் பண்ணி, ஆபரேஷனை நிறுத்துன்னு மட்டும் சொன்னேன், ஏன்னு நீ மூணு தடவை கேட்டும் வாயைத் திறக்கல. உனக்குப் பேரன் பேத்தி ஆசை வந்துடுச்சு, அதுக்காக என் உயிரோட விளையாடறியான்னு கத்திட்டு வெச்சுட்டே. நீ அப்படி நினைச்சது நியாயம். ஆனா காரணம் அது இல்லை கண்ணு. அதை நேர்ல சொல்லத் துப்பில்லாமத்தான் பேப்பர்ல எழுதறேன், கோபம் வந்தா பாதியில தூக்கிப் போட்டாலும் அப்புறம் எடுத்து முழுசாப் படி.

பதினாலு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதின அந்தக் கட்டுரை உனக்கே மனப்பாடம். பரம்பரையா கேன்சர் வர்ற அறுபது குடும்பத்தோட ரத்தத்தைப் பார்த்தோம், அதுல அஞ்சு குடும்பத்துல ஒரு ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது, அந்த அஞ்சுல நம்ம குடும்பமும் ஒண்ணு. நோயே இல்லாத நூத்தி எட்டு பேரைப் பார்த்தோம், ஒருத்தருக்கும் அந்த மாற்றம் இல்லை. அதனால இந்த மாற்றம்தான் நோயைக் கொண்டு வருதுன்னு எழுதினேன். அது எங்கேயோ போயிடுச்சு, ஆயிரத்து நூத்தி நாப்பத்தி மூணு பேர் அவங்கவங்க கட்டுரையில அதை மேற்கோள் காட்டியிருக்காங்க, எங்க நிறுவனத்துக் காரிடர்ல என் போட்டோவுக்குக் கீழே அந்த எண்ணைப் பெருசா எழுதி மாட்டி வெச்சிருக்காங்க, மாசாமாசம் மாத்தறதுக்குன்னே ஒரு ஆள். அது ஏறினா எனக்கு அன்னைக்கு முழுக்க நடையே வேற மாதிரி இருக்கும். அந்தக் கட்டுரையை வெச்சுத்தான் உன் சித்தி முப்பத்தாறு வயசுல மார்பையும் சினைப்பையையும் எடுத்துக்கிட்டா. அதை வெச்சுத்தான் உனக்கு இருபது வயசுல, என் லேப் ரூம்ல, கதவைச் சாத்திட்டு, உனக்கும் இருக்குன்னு நானே சொன்னேன்.

மூணரை மாசம் முன்னாடி தூர தேசத்துல இருந்து ஒரு சின்ன வயசு ஆராய்ச்சியாளர் ஒரு மெயில் அனுப்பினார். எங்க பக்கத்து ஜனங்களோட ரத்தத்தை இதுவரைக்கும் யாரும் பெரிய அளவுல பார்த்ததில்லை, அவங்க இப்ப எண்பதாயிரம் பேரைப் பார்த்திருக்காங்க. அதுல நூத்துக்கு ரெண்டு பேருக்கு அந்த மாற்றம் இருக்கு, எழுபது எண்பது வயசுல நோய் நொடி இல்லாம நடமாடறவங்களுக்கும் இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க மேடம், உங்க பழைய கணக்கை ஒரு தடவை சரிபார்க்க முடியுமான்னு ரொம்பப் பணிவா கேட்டிருந்தார். நான் படிச்சேன். எனக்குள்ள எங்கேயோ அது முன்னாடியே தெரியும். ஆனா அந்தச் சமயத்துல எங்க நிறுவனத்தை எடைபோட ஒரு குழு வர்றதா இருந்தது. அவங்க வந்துட்டுப் போகட்டும்னு மெயிலை ஒதுக்கி வெச்சேன். குழு வந்தது, போனது, அப்பவும் தொடல. பதினோரு வாரம். பயம்னு சொன்னா நீ மன்னிச்சுடுவே, அதனால உள்ளதைச் சொல்றேன், கொழுப்பு. நேத்து வந்த பையன் எனக்குக் கணக்குச் சொல்லித் தர்றதான்னு ஒரு கொழுப்பு. அப்புறம் நீ போன் பண்ணி, அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி ஆபரேஷன், எல்லாம் எடுத்துடச் சொல்லிட்டேன், நிம்மதியா இருக்கும்மான்னு சொன்னே. வெச்ச கையோட லேப்புக்குப் போனேன். ஊரான் பெத்த பொண்ணுகளுக்காக எழுந்திருக்காதவ, எம்பொண்ணுன்னதும் ஓடினேன். இதை நான் யார்கிட்டயும் சொல்லல, உங்கிட்ட மறைக்கக் கூடாது.

ஒன்பது நாள் பழைய ரத்த சாம்பிள் வெச்ச ஃபிரீசரைக் குடைஞ்சோம். பழைய நோட்டுப் புஸ்தகத்துல நோயில்லாதவங்க பட்டியல்ல நூத்திப் பத்து பேர் இருந்தாங்க. கட்டுரையில நூத்தி எட்டு. விட்டுப்போன அந்த ரெண்டு பேருக்கும் அந்த மாற்றம் இருந்தது. அப்ப எங்கிட்ட வேலை பார்த்த பையன் ஞாபகம் இருக்கா, எதை எடுத்தாலும் எண்ணுவானே, கணக்குப்பிள்ளைன்னு கூப்பிடுவோமே, அவன்தான் அப்பவே அதைக் கண்டுபிடிச்சுக் கொண்டு வந்தான். நான் பார்த்துட்டு, இவங்க ரெண்டு பேரும் இளவயசு, பின்னாடி நோய் வரலாம், இவங்களை ஆரோக்கியம்னு எண்ண முடியாது, எடுத்துடுன்னு சொன்னேன். எங்கிட்ட அப்படி ஒரு விதி முன்னாடியே இருந்திருந்தா மத்த இளவயசுக்காரங்களையும் எடுத்திருக்கணும். எடுக்கல. எனக்கு இடைஞ்சலா இருந்த ரெண்டு பேரை மட்டும் எடுத்தேன். அவங்களைச் சேர்த்துப் போட்டா அந்தக் கட்டுரையே நிக்காது. கணக்குப்பிள்ளை இப்ப ஆராய்ச்சியை எல்லாம் விட்டுட்டு லேப் கெமிக்கல் விக்கற கம்பெனியில இருக்கான். போன் பண்ணினேன். ஞாபகம் இருக்குங்க மேடம், ரெண்டு தடவை சொன்னேன், மூணாவது தடவை சொல்லப் பயமா இருந்ததுன்னான். அவன் என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அன்னைக்குத்தான் உனக்கும் போன் பண்ணினேன். நான் செஞ்சதை உன் காதுல சொல்ல நாக்கு எழல.

அடுத்த நாளே கட்டுரையை முழுசா வாபஸ் வாங்கறேன்னு அதைப் போட்ட பத்திரிகைக்கு எழுதிட்டேன். எங்க டைரக்டர் கூப்பிட்டு உக்கார வெச்சு, ஒரு சின்னத் திருத்தம் போட்டா போதாதா மேடம், இத்தனை வருஷப் பேரை நீங்களே மண்ணுல போடணுமான்னு கேட்டார், நல்ல மனுஷன்தான், கண்ணுல தண்ணிகூட வந்தது, எனக்காகவா நிறுவனத்துக்காகவான்னு தெரியல. அனுப்பியாச்சுங்கன்னேன். பத்திரிகைக்காரங்க விசாரிச்சு வெளியிட மாசக்கணக்காகுமாம். அதுக்குள்ள இன்னும் நாலு பேர் அதை மேற்கோள் காட்டிட்டாங்க. காரிடர்ல எண்ணை மாத்த வந்தவர்கிட்ட வேண்டாம்னேன், மேலிடத்துல சொன்னாத்தான் நிறுத்துவேன்னுட்டு ஆயிரத்து நூத்தி நாப்பத்தி ஏழுன்னு ஒட்டிட்டுப் போயிட்டார்.

பக்கத்து ஆஸ்பத்திரியில மட்டும் என் கட்டுரையை நம்பி இருநூத்திப் பன்னெண்டு பேருக்கு, உங்களுக்கு இருக்குன்னு ரிப்போர்ட் கொடுத்திருக்காங்க. முப்பத்தெட்டு பேர் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. அங்கே இருக்கற நர்ஸ் ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுச் சொல்றாங்க, நான் பக்கத்துல உக்காந்து, கேக்கறவங்களுக்குப் பதில் சொல்றேன். அந்த முப்பத்தெட்டுல கடைசி ஆபரேஷன் எப்ப நடந்ததுன்னு பார்த்தேன். அந்தப் பதினோரு வாரத்துல ஆறாவது வாரம். ஸ்கூல் வேன் ஓட்டற பொண்ணு, இருபத்தொன்பது வயசு. போன்ல சொல்லக் கூடாதுன்னு வீட்டுக்கே போனேன். வேன் வாசல்ல நின்னுது, ஆபரேஷனுக்கு அப்புறம் கையைத் தூக்கி ஸ்டியரிங் பிடிக்க முடியலைன்னு இன்னும் ஓட்டப் போகலையாம். துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டு எனக்கு நாற்காலி போட்டா. எல்லாத்தையும் சொன்னேன், பதினோரு வாரத்தையும் சேர்த்துத்தான். அப்ப எங்க அக்கா எதனாலதான் செத்தான்னு கேட்டா. எனக்குத் தெரியலம்மான்னேன். இத்தனை வருஷம் படிச்சு அதுதான் என் பதில். எழுந்து கதவைத் திறந்து விட்டா. போயிட்டு வாங்கன்னு சொல்லல.

நேத்துதான் சித்தியைப் பார்க்கப் போனேன். அவ மூக்குக்கண்ணாடிக் கடையில ஒரு கண்ணாடிக்குக் காம்பு முடுக்கிட்டு இருந்தா, ஒரு வயசானவர் எதிர்ல காத்துட்டு இருந்தார். அவர் போகட்டும்னு நிக்காம பின்னாலேயே போய் நின்னு மெல்லச் சொல்லிட்டேன், காத்திருந்தா எனக்குத் தைரியம் போயிடும். அவ கையில இருந்த ஸ்குரு கீழே விழுந்தது. குனிஞ்சு தேடி எடுத்து, மாட்டி, துடைச்சு, அவருக்குப் போட்டுப் பார்த்து, காதுகிட்ட உறுத்துதாங்கன்னு கேட்டு, டப்பாவுல வெச்சுக் கொடுத்து அனுப்பிட்டுத்தான் என்னைப் பார்த்தா. எனக்கு எடுத்தாங்களேக்கா, அதுல என்ன இருந்ததுன்னு கேட்டா. சுத்தமா இருந்ததுன்னேன். அப்பவே தெரியுமான்னா. தெரியும், சீக்கிரமே எடுத்ததால தப்பிச்சோம்னு நினைச்சோம்னேன். கண்ணு, அவளுக்கு அப்பக் கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம். தொட்டில் இங்கே போடலாம் அங்கே போடலாம்னு வீடு பார்த்துட்டிருந்த வயசு. என் பேப்பர் எண்ணு ஏறினா எனக்கு முன்னாடி அவ கொண்டாடுவா, என் ரத்தமும் அதுல இருக்குன்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுவா. அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன், நீயே வந்து சொல்லுன்னு உன் சித்தப்பாவைப் பத்திச் சொன்னா. ஞாயித்துக்கிழமை போறேன். நான் அவ கையைப் பிடிக்கப் போனேன், இழுத்துக்கிட்டா. அப்புறம், உன் பொண்ணுக்கு முழுசாச் சொல்லிட்டியான்னு கேட்டா. இன்னும் இல்லைன்னேன். இங்கே எதுக்கு நிக்கறே, போய் முதல்ல அதைச் செய்னு கத்தினா, தெருவுல போறவங்க திரும்பிப் பார்த்தாங்க. அதான் எழுதறேன்.

இப்ப நீ என்ன செய்யணும்னா, நான் கையெழுத்துப் போட்ட அந்தப் பழைய ரிப்போர்ட் செல்லாதுன்னு உன் டாக்டர்கிட்ட சொல்லு, ஆஸ்பத்திரிக்காரங்க கொடுத்த கடிதம் இதோட வெச்சிருக்கேன். வேற லேப்ல ரத்தம் கொடு, ஒரு எழுத்தை மட்டும் இல்லை, எல்லா ஜீனையும் முழுசாப் பார்க்கச் சொல்லு. நம்ம குடும்பத்துல நோய் வந்தது பொய் இல்லை, என் அம்மாவும் பெரியம்மாவும் அதுலதான் போனாங்க, எதனாலன்னு தெரியாதவரைக்கும் வருஷா வருஷம் பரிசோதனையை விடாதே. உனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்ல வாய் துடிக்குது, சொல்ல மாட்டேன், எம்பேச்சை நம்பினவங்க பட்ட பாடு போதும். புது ரிசல்ட்டைப் பார்த்துட்டு, எல்லாம் தெரிஞ்ச பிறகும் எடுத்துடணும்னு உனக்குத் தோணினா எடுத்துக்கோ, அது உன் உடம்பு. கூப்பிட்டா வந்து பக்கத்துல இருப்பேன், வர வேண்டாம்னா வர மாட்டேன்.

குழந்தை வேண்டாம்னு நீ எடுத்த முடிவைப் பத்தி நான் கேக்கல, கேக்கற யோக்யதை எனக்கு இல்லை. எங்கேயிருந்தாலும் நோயில்லாம, பயமில்லாம, நிறைஞ்ச ஆயுசோட இரு. அப்பா தனியா எழுதறாராம், இதுல என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியும், என்கூட நாலு நாளா சரியாப் பேசறதில்லை.

ஒண்ணே ஒண்ணு மறக்காதே. போனை எடுக்க வேண்டாம், பேசவும் வேண்டாம். பதினெட்டாம் தேதியை நிறுத்திட்டேன்னு ஒரே வரி, எனக்கு அனுப்பப் பிடிக்கலைன்னா சித்திக்காவது அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா