தட்டுக்குள் அடைத்த தேங்காய் நார்

என் பிரியமுள்ள மரியதாஸ் அண்ணனுக்கு,

உன் வள்ளம் மறுபடியும் கடலுக்குப் போகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? மதினி இப்போது இரண்டு வேளையாவது சாப்பிடுகிறாள். அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான். நாகர்கோவில் பக்கம் சுவருக்குச் சுவர் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கரியால் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த ராஜ்யத்தோடு சேர்ந்தாலும் இராஜாக்கமங்கலம் துறையில் அதே சாளை மீன்தான் என்று நீ சிரித்திருப்பாய். இருக்கட்டும். நான் எழுத வந்தது பர்னபாஸைப் பற்றி.

அன்றைக்கு வலை வீச நீ வள்ளத்தின் முன்தட்டில் ஏறி நின்றாய். பலகை உடைந்தது. கால் உள்ளே மாட்டிக்கொண்டது, அலை வள்ளத்தைக் கவிழ்த்தது. உன்னோடு வந்த இரண்டு பேரும் நீந்திக் கரை சேர்ந்தார்கள். உன்னையும் வள்ளத்தையும் கடல் பிறகுதான் கொண்டுவந்து போட்டது. உடைந்த பலகையைப் பார்த்தோம். உள்ளே மரமே இல்லை. இற்றுப்போனதைத் தோண்டி எடுத்துவிட்டுத் தேங்காய் நாரைத் திணித்து, கீல் பூசி மூடியிருந்தது.

அந்த வள்ளத்தை உனக்கு விற்றவர் பர்னபாஸ். உன் குழிமேட்டு மண் காயும் முன்பே அவர் கடற்கரையில் பேச ஆரம்பித்தார். தான் கொடுக்கும்போது பலகை கல்லாக இருந்ததாம். நீதான் எண்ணெய் பூசாமல் இற்றுப்போக விட்டாயாம். நீயே நாரை அடைத்து மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல இரண்டு பேரைச் சாகக் கூட்டிக்கொண்டு போனாயாம்.

ஊர் நம்பியது, அண்ணே. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன்னோடு வந்த சூசையின் மனைவி கிணற்றடியில் மதினியைப் பார்த்துக் காறித் துப்பினாள். மதினி குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். செத்தவன் வந்து வாய் திறக்கவா போகிறான் என்ற தைரியம் பர்னபாஸுக்கு. செத்தவனுக்கு ஒரு தங்கை இருப்பதை மறந்துபோனார்.

குலசேகரத்திலிருந்து தங்கையன் ஆசாரியை வரவழைத்தேன். அயனிப் பலகையை அவரே கொண்டுவந்தார். நானும் மதினியும் கயிறு திரித்துக் கொடுத்தோம். முன்தட்டைப் பிரித்துப் புதுப்பலகை போட்டு இழுத்துத் தைத்தார். வேலை முடிகிற நேரத்தில் கொட்டாப்புளிச் சுத்தியால் பின்தட்டையும் தட்டிப் பார்த்தார். உடனே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இதுவும் போச்சு மக்களே. மேல தோலு மட்டுந்தான் இருக்கு. உள்ள நாரு."

அடியில் ஒரு மரச்சட்டம் கொடுத்திருந்ததால் அது இத்தனை நாள் தாங்கியிருக்கிறது. அங்கே நின்றுதானே நீ துடுப்புப் போடுவாய்? தெரிந்திருந்தால் நின்றிருப்பாயா?

முன்தட்டு கெட்டது ஊருக்கே தெரியும். பின்தட்டு கெட்டது ஆசாரிக்கும் எனக்கும்தான் தெரியும். பிறகு, அதை மூடிய கைக்குத் தெரியும். மூச்சு விடாதீர்கள் என்று ஆசாரியைக் கேட்டுக்கொண்டேன். அவர் அடிவழியாகவே நாரையும் இற்ற மரத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு, அயனிக்கட்டையை இழைத்து உள்ளே இறுக்கினார். மேல்தோலையும் பழைய கீலையும் தொடவில்லை. மேலே நின்று பார்த்தால் அதே பழைய தட்டு.

பழுது பார்த்த வள்ளத்தை இறக்கும் முன், அதை விற்றவர் முன்னாலிருந்து பின்னால்வரை நடந்து, பின்தட்டில் நின்று கடலைப் பார்த்துச் சிலுவை போட வேண்டும் என்பது நம் துறை வழக்கம் அல்லவா? மறுத்தால் பர்னபாஸின் மானம் போகும். வெள்ளை வேட்டியோடும் துக்க முகத்தோடும் வந்தார். முன்தட்டில் ஏறி நன்றாக மிதித்துப் பார்த்து, வேலை சுத்தம் என்று ஆசாரியைப் பாராட்டினார். பின்தட்டு வந்தது. வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். நடுவை விட்டு ஒதுங்கி, வள்ளத்தின் விளிம்பில் காலை வைத்துத் தாண்டி, ஓரத்தில் நின்றே சிலுவை போட்டார்.

சின்ன வயதிலிருந்து அவரை மாமா என்று கூப்பிட்டவள் நான். அன்றைக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"நடுவுல நின்னு போடும்," என்றேன்.

"இங்கன நின்னா என்னட்டி?"

"முன்தட்டுல அந்த மிதி மிதிச்சீரு. இதுல மட்டும் எதுக்குக் காலு கூசுது? இதுக்குள்ள என்ன இருக்குன்னு ஒமக்கு யாரு சொன்னா?"

 பெண்பிள்ளை வள்ளத்தில் கால் வைக்கக்கூடாது, தெரியும். ஏறினேன். ஒருவரும் தடுக்கவில்லை. பின்தட்டின் நடுவில் நின்று இரண்டு காலாலும் குதித்தேன். மூச்சு வாங்கும்வரை குதித்தேன். ஆசாரி, உள்ளே இருந்து எடுத்த நாரைக் கடவப்பெட்டியோடு மணலில் கொட்டி, எங்கே இருந்தது என்று சொன்னார். சூசை அதில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தான், பிறகு பர்னபாஸைப் பார்த்தான். அவன் மனைவி மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

விளிம்பிலிருந்து இறங்க பர்னபாஸ் தடுமாறினார். யாரும் கை கொடுக்கவில்லை. எனக்கு அது இனித்தது, அண்ணே. உன்னிடம் எதற்குப் பொய்? இன்னும் இனிக்கிறது. இப்போது அவரிடம் யாரும் வள்ளம் வாங்குவதில்லை. கோயிலில் அவர் பக்கத்தில் முழங்கால்படியிட ஆளில்லை. நான் மீன்கடவத்தோடு தினமும் அவர் வீட்டு முற்றம் வழியாகத்தான் போகிறேன். வேறு வழி இருக்கிறது, போக மாட்டேன்.

நேற்று பங்குச்சாமியார் வந்தார். பர்னபாஸ் அழுகிறார், மன்னித்துவிடு மகளே என்றார். அவர் துரோகம் செய்தது எனக்கல்ல சாமி, அண்ணனுக்கு, அண்ணனைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றேன். சாமியார் எழுந்து போனார்.

அதனால் கேட்கிறேன். மன்னிக்கட்டுமா, அண்ணே? நீ உன் வாயால் சரி என்று சொல்கிற அன்றைக்கு மன்னிக்கிறேன். அதுவரை மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
பிலோமி