நிவிக்கு மட்டும் ஒரு மணி நேரம்

ஜன. 18, ஞாயிறு

காலை ஒன்பது வரை பனிமூட்டம். எதிர்த் தோட்டம் தெரியவில்லை. மிளகு காயவில்லை. அப்பா தார்ப்பாயை விரிப்பதும் மூடுவதுமாக.

நாளை நிவிக்குத் திருப்புதல் தேர்வு தொடக்கம். பத்தாவது. கதவில் புதுப் பட்டியல் ஒட்டினேன். பழையதில் எண்ணெய்க்கறை.

பேனா 2
ஜாமெட்ரி பாக்ஸ்
தண்ணீர்
மாத்திரை (சாப்பிட்ட பிறகு)
பஸ் பாஸ்
செருப்பு

செருப்பு என்று எழுதியது விளையாட்டுக்கு அல்ல. போன மாதம் பஸ் ஸ்டாப் வரை வெறுங்காலோடு போய் நின்றாள்.

இந்த நோட்டு நாமக்கல் டாக்டரம்மா எழுதச் சொன்னது. நி. எத்தனை மணிக்குத் தூங்கினாள், எதை மறந்தாள், எப்போது பயந்தாள். முன்பக்கத்திலிருந்து அது. பின்பக்கத்திலிருந்து இது. இதை யாருக்கும் காட்டுவதாக இல்லை.

நவம்பரில் டாக்டரம்மா சொன்னது அப்படியே காதில் நிற்கிறது. "ஓடிக் குதிக்கிற பிள்ளைக்கு மட்டும் ஏடிஹெச்டி வர்றதில்லைங்க. சத்தமில்லாம ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருக்கிற பிள்ளைக்கும் கவனம் நழுவிட்டே இருக்கும். அதை மறைக்கப் போராடிப் போராடித்தான் இந்தப் பதற்றமும் சேர்ந்துக்கிச்சு." பிறகு நி. கையைப் பிடித்து, "நீ சோம்பேறி இல்ல கண்ணு."

நி. அழுதாள். நானும் அழுதேன். பெற்ற பாசம் என்று நினைத்து டாக்டரம்மா எனக்கும் தண்ணீர் கொடுத்தார். பாசம் இல்லை. என் பதினைந்து வயதில் அந்த ஒரு வார்த்தையை யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்ற ஆத்திரம்.

எழுதிவிட்டேன்.

ஜன. 19, திங்கள்

தமிழ்த் தாள். டாக்டரம்மா கொடுத்த கடிதத்தால் நி.க்குத் தனி அறை, கூடுதலாக ஒரு மணி நேரம். அரசுத் தேர்விலும் கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறது.

ஐந்து மணிக்கு வந்தாள். "முழுசா எழுதிட்டேன்மா!" பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஆட்டுக்குட்டியிடம் ஓடினாள்.

சந்தோஷம்தான். சந்தோஷம்தான் என்று இரண்டு முறை எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கும் பத்தாவதில் ஒரு தாள் இருந்தது. கணக்கு. சேந்தமங்கலத்தில் தேர்வு. தெரிந்த கேள்விகள். பக்கத்துச் சுவரில் ஒரு பல்லி வாலில்லாமல் நகர்ந்தது. அதைப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தால் பாதி நேரம் போயிருந்தது. நெஞ்சு அடித்தது, கையில் பேனா நிற்கவில்லை. எழுந்தேன். "போனா திரும்ப உள்ள விடமாட்டோம்மா." போனேன். அத்தோடு படிப்பு முடிந்தது. பத்தாவது இல்லாததால் அங்கன்வாடியில் டீச்சர் ஆக முடியவில்லை. ஆயா.

ஒரு மணி நேரம் கொடுத்திருந்தால் நானும் எழுதியிருப்பேன்.

பெற்ற பிள்ளை மேல் பொறாமைப்படுகிறவள் உண்டா? உண்டு. இந்த மலைமேல், திண்ணனூர் நாட்டில் ஆயா வேலை பார்க்கிறாள்.

ஜன. 20, செவ்வாய்

ஆங்கிலம். நி. சுமாராக எழுதியிருக்கிறாள்.

அங்கன்வாடியில் பருப்பு அடிப்பிடித்தது. குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். டீச்சர் என்னைவிடப் பத்து வயது சின்னவள். "ஏனுங்க சுமதிக்கா, உங்க நெனப்பெல்லாம் எங்கதான் இருக்குது?" சின்ன வயதிலிருந்து இதே கேள்வி. கேட்கிற ஆள்தான் மாறுகிறார்.

சாயங்காலம் அவர் போன். போர்வெல் வண்டியோடு வடக்கே போய் இரண்டு மாதம். "பாப்பா எழுதுச்சா? மாத்திரை போட்டுச்சா? அதைத் திட்டாத சுமதி. பாவம், அதுக்கு முடியல." நான்கு நிமிடம். நாலும் பாப்பாவுக்கு.

போன வருடம் பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் வீடு முழுக்கப் பரவியபோது இதே மனிதர் என்னிடம்: "மூளைன்னு ஒண்ணு இருக்குதா உனக்கு?"

அவளுக்கு முடியவில்லை. எனக்கு மூளை இல்லை. ஒரே மறதிதான், ஆளுக்கு ஒரு பெயர்.

ஜன. 22, வியாழன்

தேர்வு இல்லை. நாளை கணக்கு. நி. காலையிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "பேப்பரைப் பாத்ததும் எல்லாம் மறந்துடும்மா. எனக்குத் தெரியும்."

போனில் பத்து நிமிடம் அலாரம். ஒரு கணக்கு. எழுந்து மிளகுக்களம் வரை நடை. திரும்ப வந்து அடுத்த கணக்கு. பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவளுக்குப் படிப்பு ஓடும். அவரைக்காய் உரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மதியத்துக்குள் ஒன்பது கணக்கு. கண் நழுவும்போது தோளைத் தொட்டால் போதும், திரும்பி வந்துவிடுவாள். எப்போது நழுவும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிகிறது. அவள் போகிற இடமெல்லாம் நான் போய் வந்த இடம்.

மூன்று மணிக்கு அப்பா வந்தார். அடுத்த வீடுதான். மடியில் ஆரஞ்சு. நாரெல்லாம் எடுத்து ஒவ்வொரு சுளையாக நோட்டின் ஓரத்தில் வைத்தார். நேற்று நி. கோழிக்கூண்டைத் திறந்து போட்டதில் இரண்டு கோழி காணோம். "போனாப் போவுது சாமி. நீ படி."

என்னால் முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

"ஏனுங்கப்பா, நான் ஆட்டுப்பட்டியைத் தொறந்து போட்டனே, அன்னிக்கு என்ன பண்ணுனீங்க?"

"என்ன பண்ணுனேன்?"

"மிளகுக்கொடியை உருவி அடிச்சீங்க. காலு வீங்கி ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகல."

சிரித்தார். "உன்னையவா? உன்னைய ஒரு அடி அடிச்சதில்லையே கண்ணு. உங்கண்ணனைச் சொல்றியாட்ட இருக்குது."

பொய் சொல்கிற முகம் இல்லை. நிஜமாகவே மறந்துவிட்டார்.

நி. தலை நிமிர்ந்தாள். "அப்புச்சி அடிப்பாங்களா?" யானை பறக்குமா என்று கேட்பது போல.

"இல்ல. நீ போடு."

அப்பா எனக்கும் ஒரு சுளை நீட்டினார். வேண்டாம் என்றேன்.

ஜன. 23, வெள்ளி

செய்ததை எழுதுகிறேன்.

பஸ் ஏழே முக்கால். தினமும் நான் கதவோரம் நின்று பட்டியலைச் சத்தமாகப் படிப்பேன், அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள். ஜாமெட்ரி பாக்ஸ் கண்ணாடி அலமாரியில் இருந்தது. பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அவள் பேனா எடுத்தாள், தண்ணீர் எடுத்தாள், செருப்பு மாட்டினாள். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்து நின்றாள். "போயிட்டு வா," என்றேன்.

பஸ் போகும் சத்தம் கேட்டது. மனதுக்குள் வந்த வார்த்தை: ஒரு நாளாவது தெரியட்டும்.

பத்தரைக்குக் கணக்கு டீச்சர் போன். "கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? பயப்படாதீங்க."

பக்கத்து வீட்டுப் பையனின் பைக்கில் போனேன். பாக்ஸ் இல்லை என்றதும் டீச்சர் வேறு பாக்ஸ் கொடுத்திருக்கிறார். அதற்குள் நி.க்குக் கை உதறி, வாந்தி. பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டு முக்கால் மணி நேரம். வெளியே டீச்சரும் ஹெட்மிஸ்ட்ரஸும்.

"நிவி, அம்மா வந்திருக்கேன்."

உள்ளே விசும்பல். பிறகு குரல்: "திட்டாதம்மா. எடுத்து வெச்சுட்டேன்னுதான் நெனச்சேன். நீ பட்டியலைப் படிச்சே, நான்தான் காதுல வாங்கல."

நான் படித்தேன் என்றே நம்புகிறாள். தன் காதைச் சந்தேகிக்கிறாள், என்னை அல்ல.

கதவு திறந்தது. ஈரத் தரையில் உட்கார்ந்தோம். மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டோம். அவளுக்கு அழுகை நின்ற பிறகும் எனக்கு நிற்கவில்லை.

தாள் வெள்ளையாகப் போயிற்று.

ஜன. 24, சனி

வெயில் நன்றாக. மிளகு சுருங்கிக் கறுத்துவிட்டது.

சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் படிக்கல நிவி."

"எதை?"

"பட்டியலை. பாக்ஸ் அலமாரியில இருந்துச்சு. பாத்தேன். வேணும்னேதான் சொல்லல."

சோற்றில் கை நின்றது. "ஏன்?"

"உனக்குக் கிடைச்சதெல்லாம் எனக்குக் கிடைக்கலைன்னு."

நினைத்தபோது பெரிய காரணமாக இருந்தது. வாயால் சொன்னபோது அற்பமாக இருந்தது.

எழுந்து தட்டைக் கழுவினாள். ஒரு நாளும் கழுவியதில்லை. கதவிலிருந்த பட்டியலைப் பிய்த்து மடித்துப் பையில் வைத்தாள். "இனிமே நானே படிச்சுக்கறேன்."

ஜன. 25, ஞாயிறு

பேசவில்லை. அப்பா வந்து, "ரெண்டு பேருக்கும் என்னாச்சு?" என்றார். இரண்டு பேரும் "ஒண்ணுமில்ல" என்றோம். ஒரே நேரத்தில்.

ஜன. 28, புதன்

அறிவியல், சமூகம் இரண்டும் முடிந்தன. தானே பையைக் கட்டி, தானே போனாள். நான் கதவோரம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நேற்று தண்ணீர் விட்டுப்போனது. இன்று பஸ் பாஸ். என் அப்பாவிடம் அவள் சொல்வது சுவருக்கு இந்தப்பக்கம் கேட்டது. "கண்டக்டர் பரவால்ல ஏறு பாப்பான்னுட்டாருங்கப்புச்சி!"

என்னை அந்த வயதில் மலையடிவாரத்தில், காரவள்ளியில் இறக்கிவிட்டார்கள். பார், கண்டக்டரையும் விடவில்லை நான்.

கணக்கை இன்னொரு நாள் எழுதிப் பார்க்க டீச்சர் விடுவாராம். அதையும் அப்பாவிடம்தான் சொன்னாள்.

ஜன. 31, சனி

நாமக்கல். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம். பக்கத்தில் பையை வைத்துக்கொண்டாள். நான் பின் சீட்டில்.

முதலில் அவளை மட்டும் கூப்பிட்டார்கள். இருபது நிமிடம். பிறகு அவள் வெளியே, நான் உள்ளே.

"நிவி எல்லாத்தையும் சொன்னா," என்றார் டாக்டரம்மா.

தரையைப் பார்த்தேன். 

"நீங்க பண்ணினது தப்புங்க. அது உங்களுக்கே தெரியுது. ஆனா அவ இன்னொண்ணும் சொன்னா. எங்கம்மாவையும் கொஞ்சம் பாருங்க, அவங்களும் என்னை மாதிரித்தான்னு."

நவம்பரில் நி.யிடம் கேட்ட அதே தாளை எடுத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே கவனம் வேறெங்காவது போகுமா? ஆமாங்க. வைத்த பொருளைத் தேடுவீர்களா? ஆமாங்க. ஆரம்பித்த வேலை பாதியில் நிற்குமா? சின்ன வயதிலிருந்தா? ஆமாங்க, ஆமாங்க. பதினாலு கேள்வி. ஒன்பதாவதிலிருந்து தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஒரே நாள்ல முடிவு சொல்ல முடியாதுங்க. அடுத்த மாசம் உங்க பேர்லயும் சீட்டு போட்டுக்கங்க."

கவுன்டரில் பெயர் கேட்டபோது வழக்கம்போல நிவேதா என்றேன். திருத்தினேன். சுமதி. சொல்லவே கூச்சம்.

திரும்பும் பஸ். சேந்தமங்கலத்தில் கூட்டம் இறங்கியது. மலை ஏறத் தொடங்கியதும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் தீரவில்லை, முகம் முன்பக்கமே பார்த்தது. வளைவில் தோள் வந்து இடித்தது. விலக்கவில்லை.

"என்ன கேட்டாங்க?"

"உன்கிட்டக் கேட்டதேதான்."

"எத்தனைக்கு ஆமான்னு சொன்னே?"

"பதினாலுக்கும்."

சட்டென்று திரும்பினாள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "எனக்குப் பதினொண்ணுதான் வந்துச்சு." குரலில் குறை.

இரண்டு வளைவு போயின.

"நல்லா யோசிச்சுத்தான் சொன்னியா? இல்ல, கேட்டதுக்கெல்லாம் ஆமா போட்டுட்டு வந்துட்டியா?"

அந்த முகத்தைப் பார்த்தேன். பொறாமையேதான். எனக்கா அடையாளம் தெரியாது.