பக்கம் இருபத்து நான்கு, கடைசிப் பத்தி

திங்கட்கிழமை

என் செல்லச் சிட்டுவுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதினால் உன் அப்பாவின் முழங்கால் என்னைக் கோபித்துக்கொள்ளும். ஆகையால் முழங்கால் தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம். அச்சகத்துக் கூரை ஒழுகுகிறது. பேப்பர் வெட்டுகிற மிஷின் பழையபடி முரண்டு பிடிக்கிறது. அப்பா அதையும் என்னையும் ஒரே குரலில் திட்டுகிறார்.

வீட்டு விலாசத்துக்கு வேண்டாம், லேபுக்கே எழுது என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. போனில் பேசும்போது மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறாரா இல்லையா என்பது உன் "ம்" சொல்கிற விதத்திலேயே தெரிந்துவிடுகிறது. போன வாரம் விரலில் கட்டு, கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்றாய். ஊசி பிடித்து ரத்தம் எடுக்கிற கை, ஜாக்கிரதை என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு அரை மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நல்ல சேதி. கோயில் தலபுராணப் புத்தகம் பதினோராம் பதிப்பு வருகிறது. இந்தத் தடவை கலர் படங்களோடு. செயலாளர், ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர், தெரியுமே, தினமும் வந்து நிற்கிறார். அடுத்த வியாழன் பத்தரை மணிக்குப் புத்தகம் கையில் இருக்க வேண்டுமாம். அவருக்கு இன்னமும் எல்லாமே வண்டி நேரம்தான்.

ப்ரூஃப் நான்தான் பார்க்கிறேன். உனக்குத் தெரிந்த கதையே, ஆனாலும் ப்ரூஃப் பார்த்தவள் வாய் சும்மா இருக்காது. விருந்துக்கு வந்த முனிவர் ஒருவர் சபை நடுவே தாயாரைப் பழித்துப் பேசுகிறார். பெருமாள் வாய் திறக்கவில்லை. வந்தவர் மனம் நோகக் கூடாதாம். தாயார் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, நடந்து, நம் குன்றின் மேல் வந்து கதவைச் சாத்திக்கொள்கிறாள். பெருமாள் தேடிக்கொண்டு வருகிறார். அப்புறம் இருபத்து நான்காம் பக்கம், கடைசிப் பத்தி: "தேவியும் சினம் தணிந்து, நாதன் பின்னே தம் மனை திரும்பினாள். முன்னே நடந்து வழிகாட்டத் திருவடி எடுத்து வைத்த கோலத்திலேயே பெருமாள் இன்றும் சேவை சாதிக்கிறார்."

ஏழு மாதத்துக்கு முன்னால் நீ பெட்டியோடு வந்து நின்றாயே, அன்றைக்கு உன்னைத் தாயார் சந்நிதியில் உட்காரவைத்து இதைத்தான் வாசித்தேன். அவளே திரும்பிப் போனாள், நீ என்னடி என்று கேட்டேன். மூன்றாம் நாள் மாப்பிள்ளை வந்தார். நம் கூடத்தில், நம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, உன் வளர்ப்பு சரியில்லை என்று அப்பாவிடமும் என்னிடமும் ஒரு மணி நேரம் சொன்னார். வந்தவர் மனம் நோகக் கூடாது என்று நானும் சும்மா இருந்தேன். நீ அவரோடு போனாய்.

இன்றைக்குப் படம் எடுக்கிறவர் வந்தார். அப்பா அவருக்கு "ஃப்ளாஷ்" என்று பேர் வைத்திருக்கிறார். பூ, துணி எல்லாம் எடுத்துத் துடைக்கிற நேரம் பார்த்துப் போய், தாயார் சந்நிதி முன் மண்டபத்தில் நிற்கிற பெருமாளின் திருவடியைப் பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறார். படத்தை வைத்துக்கொண்டு என்னிடம், ஏம்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறார்னு போட்டிருக்கீங்க, கால் உள்ளே பார்த்துல்ல இருக்கு என்றார். பார்த்தேன். வாஸ்தவம். எடுத்து வைத்த கால் தாயார் சந்நிதிப் படியைப் பார்த்து இருக்கிறது. இத்தனை வருஷம் முன்னால் நின்று கும்பிட்டவள் நான். பூவைத்தான் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது.

விரலை நனைக்காதே. தீர்க்க சுமங்கலியாக இரு.

அம்மா


வியாழக்கிழமை

சிட்டு,

உன் பதில் வரவில்லை. பரவாயில்லை. நான் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. இதைப் படிக்கும்போது உட்கார்ந்து படி.

நம் அச்சகத்தில் எந்த வேலை செய்தாலும் கையெழுத்துப் படியைத் தூக்கிப் போடுவதில்லை, கட்டுக் கட்டி வைத்துவிடுவோம் என்பது உனக்குத் தெரியும். நாளைக்கு யாராவது வந்து, நான் எழுதியது வேறு, நீங்கள் அடித்தது வேறு என்று சண்டைக்கு நிற்பார்கள், அதற்காக. அந்தக் கால் விஷயம் மூன்று நாளாக மண்டையைக் குடைந்தது. நேற்று மத்தியானம் ஏணி போட்டுப் பரணில் ஏறி, முதல் பதிப்பின் கட்டைத் தேடி எடுத்தேன். முப்பத்தொரு வருஷத் தூசி. தும்மித் தும்மி மூக்குச் சிவந்துவிட்டது.

தலபுராணத்தை எழுதிக் கொடுத்தவர் ஒரு தமிழ் வாத்தியார். முத்து முத்தான கையெழுத்து. பதினைந்து தாள் இருந்தது. பதினைந்தாம் தாள் அடியில், "பெருமாள் அவள் வாசலில் வந்து" என்பதோடு நிற்கிறது. பதினாறாம் தாள் இல்லை. அந்த இடத்தில் குண்டூசி குத்தி ஒரு துண்டுச் சீட்டு. பென்சிலில் நான்கு வரி. தேவியும் சினம் தணிந்து என்று தொடங்குகிறது. கையெழுத்து என்னுடையது.

ஏணியிலிருந்து விழாதது பெரிய காரியம்.

பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. கல்யாணமாகி நான்காம் மாதம். கடைசித் தாளைக் காணவில்லை. வாத்தியார் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார், அந்த வாரமே போய்விட்டார். மறுநாள் காலை வெளியீடு. அரைப் பக்கம் வெறுமையாக இருக்கே, எதையாவது போட்டு முடி என்று உன் அப்பா கத்தினார். அந்தச் சமயம் நானே பிறந்த வீட்டுக்குப் போய்விடலாமா என்று நாளுக்கு நாலு தடவை நினைத்துக்கொண்டிருந்தவள். உன் அப்பா கெட்டவர் இல்லை, ஆனால் உன் பாட்டி பேசுகிறபோதெல்லாம் அவரும் வாய் திறக்க மாட்டார். தாயார் திரும்பிப் போய்விட்டாள் என்று முடித்தால் எனக்கு நிம்மதியாக இருந்தது. முடித்தேன். பெருமாளின் கால் வெளியே பார்க்கிறதா உள்ளே பார்க்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வரக்கூட நேரமில்லை.

மறந்தேனா மறைத்தேனா என்று நீ கேட்பாய். முதல் இரண்டு பதிப்புக்கு நெஞ்சு குறுகுறுத்தது. அப்புறம் ஊரே அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. பத்துப் பதிப்பு வந்த பிறகு எனக்கே அது சாமி கதையாகிவிட்டது. நானே கட்டிய பொய்யை நானே வாசித்து, பெற்ற பெண்ணைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இன்று காலை பட்டரிடம் போனேன். தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சாதாரணமாக, தாயார் எங்கே திரும்பினா, அவர் வந்து வாசல்ல நின்னார், அன்னிக்கு வாய் திறக்காதது என் தப்பு, கூப்பிட எனக்கு மூஞ்சி இல்ல, நீயாத் திறக்கிற வரைக்கும் நிக்கிறேன்னார், அதனாலதானே அவர் மண்டபத்துல, அவ உள்ளே என்றார். சந்நிதிக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் வைத்திருக்கிறார்களாம், பட்டரே பக்கவழியாகப் போய்த்தான் திறக்கிறாராம். கோயிலைக் கட்டியவர்களுக்குக் கதை தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். புஸ்தகத்துல வேற மாதிரிப் போட்டிருந்தீங்க, அச்சுல வந்தா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன் என்கிறார். அவரை அடிப்பதா, என்னை அடித்துக்கொள்வதா தெரியவில்லை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டும். ஒரு வரி போதும். தீர்க்க சுமங்கலியாக இரு.

அம்மா


புதன்கிழமை

சிட்டு,

நீ எழுதவில்லை. உன் லேபில் இருக்கிற பெரியக்கா போன் பண்ணினாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. சொல்லாதீங்க என்று நீ அவளிடம் சத்தியம் வாங்கியதையும் சொன்னாள். விரல் மூன்றாவது தடவையாம். தோளில் வேறு கன்றிப்போயிருக்கிறதாம். கதவிடுக்கு இத்தனை தடவை கடிக்காது என்று அவளுக்கும் தெரிகிறது. எனக்கும் தெரிந்திருந்தது. நான் தெரியாத மாதிரி இருந்தேன்.

இனி இங்கே நடந்ததைக் கேள். செயலாளரைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் படி, துண்டுச் சீட்டு, ஃப்ளாஷ் எடுத்த படம் மூன்றையும் மேஜையில் பரப்பி, கடைசிப் பத்தி என் கைச்சரக்கு, எடுக்க வேண்டும் என்றேன். மனுஷன் ஆடிப்போய்விட்டார். அம்மா, இந்த நாலு வரியைக் காட்டி எத்தனை பெண்களைச் சமாதானம் பண்ணி அனுப்பியிருக்கோம், எத்தனை குடும்பம் சேர்ந்திருக்கு தெரியுமா என்றார். தெரியும், அதில் ஒருத்தி என் மகள் என்றேன். அதற்கு மேல் அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும், வேறு அச்சகத்தில் கொடுத்துப் பழையபடியே அடித்துக்கொள்கிறேன் என்று மிரட்டிப் பார்த்தார். தாராளமாக அடியுங்கள், நான் கோயில் வாசலில் நின்று புத்தகம் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் கடைசிப் பத்தியை எழுதியவள் நான்தான் என்று சொல்வேன், எனக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். பட்டரும் வந்து, அம்மா சொல்றதுதான் எங்கப்பா சொன்னது என்று ஒரு வார்த்தை சொன்னார். முப்பத்தொரு வருஷம் தாமதம், ஆனாலும் சொன்னார்.

செயலாளர் நாளை பத்தரைக்கு வாங்கிப் போகிற புத்தகத்தில் புதுப் பத்தி இருக்கும். பழைய பிரதிகள் கோயிலில் இருநூற்றுச் சொச்சம் மிச்சம் இருக்கின்றன. அவற்றில் ஒட்டுவதற்குப் பிழை திருத்தச் சீட்டு ஒன்று அடித்தோம். அடித்தது யார் தெரியுமா? உன் அப்பா. முதலில், சாமி விஷயம், கிளறாதே என்றவர்தான். பெரியக்கா சொன்னதை நான் சொன்னதும் நேராக மிஷினிடம் போய்விட்டார். சீட்டு அடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அன்னைக்கு அரைப் பக்கம் காலியாவே விட்டிருக்கலாம் என்று சொல்லி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. என் பெட்டியை இறக்கித் துடைத்துக் கொடுத்தவரும் அவர்தான். உன் அறைக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருக்கிறார், உள்பக்கம்.

ஆமாம், வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன் வாசலில் நிற்பேன். அவன் வீட்டில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பெரியக்காவும் அவள் வீட்டுக்காரரும் தெருமுனையில் காரோடு இருப்பார்கள், பேசிவிட்டேன். முன்னால் போன் பண்ணமாட்டேன், நீயும் அவனிடம் சொல்லாதே. இந்தக் கடிதத்தை லேபிலேயே கிழித்துப் போட்டுவிடு. சீட்டை மட்டும் வைத்துக்கொள்.

வா என்று நான் உன்னைக் கூப்பிடமாட்டேன். போ என்று சொன்ன வாய் இது, வா என்று சொல்ல அதற்கு என்ன யோக்கியதை? மணியை ஒரு தடவை அடிப்பேன், அவ்வளவுதான். அப்புறம் நிற்பேன். அவன் வந்து மரியாதையாகப் பேசினாலும் நிற்பேன், கத்தினாலும் நிற்பேன். இந்தத் தடவை வாயைத் திறந்து பதிலும் சொல்வேன். சாயங்காலம் ஆனாலும் சரி, மறுநாள் ஆனாலும் சரி. பெட்டி கட்ட நேரமில்லை என்றால் செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு வா. செருப்பும் அகப்படாவிட்டால் என்னுடையதைத் தருகிறேன்.

சீட்டு இதோடு இருக்கிறது. பக்கம் இருபத்து நான்கு, கடைசிப் பத்தி. "தம் மனை திரும்பினாள்" என்று வரும் பத்தியை முழுதும் நீக்கிவிட்டு, "பெருமாள் அவள் வாசலில் வந்து நின்றார்" என்று வாசிக்கவும்.

ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் தீர்க்க சுமங்கலியாக இரு என்று எழுதுவேன். கை பழக்கத்தில் எழுதப் போய்விட்டது, நிறுத்திவிட்டேன்.

தீர்க்காயுசாக இரு, என் கண்ணே. கதவைத் திற.

அம்மா