படி ஏறும்போது வலித்த பல்

தம்பி,

இன்று காலை பாளையங்கோட்டையில் ஒரு பல் மருத்துவமனையின் கதவைத் தள்ளியதும் கிராம்புத் தைல வாடை முகத்தில் அடித்தது. என் கையில் மக்ரூன் பெட்டி. உள்ளே மக்ரூன் இல்லை. பழைய துண்டில் சுற்றிய ஒரு பல் அச்சு, நீ எடுத்தது. வரவேற்பு மேசையில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பெட்டியைப் பார்த்து ஆசையாகச் சிரித்தாள். தூத்துக்குடிக்காரி வேறென்ன கொண்டு வருவாள் என்று நினைத்திருப்பாள். எனக்குப் பதிலுக்குச் சிரிக்க வரவில்லை. அந்த வாடை எனக்குத் துக்கத்தைத் தருவதில்லை, கோபத்தைத் தருகிறது. உன் கடைசி நாட்களில் நீ அந்த வாடையோடுதான் நடமாடினாய்.

சனிக்கிழமை மாலைகளில் தருவைகுளம் போய் மீன் வாங்கி, உன் வீட்டுக்குப் பாதியும் எனக்குப் பாதியுமாகப் பிரித்து, என் மாடிக்குக் கொண்டு வந்து தருவது உன் வழக்கம். அந்தச் சனிக்கிழமை மாடிப்படித் திருப்பத்தில் நின்றுவிட்டாய். ஒரு கையில் மீன் பை. மறு கை தாடையில்.

"என்னல, அங்கனயே நிக்க?"

"கீழ்க் கடவாப் பல்லு வலிக்குதுக்கா. கிராம்புத் தைலம் வச்சிருக்கேன்."

"போன வாரமும் இப்படித்தானே நின்ன. உட்கார்ந்தா?"

"உட்கார்ந்தா சரியாப் போயிருது."

"படி ஏறும்போது மட்டும் வலிக்கிற பல்லு எந்த ஊருல இருக்கு? போய் நெஞ்சைக் காட்டுல."

நீ சிரித்தாய். "யக்கா, நீ தவளைய அறுத்துப் பாடம் நடத்துனவ. பல்லை எங்கிட்ட விட்டுரு."

நான் விடவில்லை. விலங்கியல் துறையில் தலை நரைத்தவள் நான். இதயத்தின் வலி தாடையில் போய் உட்காரும் என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவள். உன் மனைவி மெர்சியிடம் சொன்னேன். அவள் உன்னிடம் சொன்னாள். நீ எங்கள் இருவரையும் சமாதானப்படுத்துவதற்காக உன் நண்பரிடம் போய்ப் பல்லைப் படம் எடுத்தாய். படத்தில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் வேறு எங்கோ ஏதோ இருக்கிறது என்று பொருள். நீயோ பழைய அடைப்பின் மேல் பழியைப் போட்டு, அதைப் பெயர்த்து, புதிதாக அடைத்துக்கொண்டு வந்தாய். தன் தாடை வலித்தால் அது பல்லாகத்தான் இருக்கும் என்று இவ்வளவு உறுதியாக நம்பப் பல் வைத்தியனால்தான் முடியும். தச்சனோ தபால்காரனோ ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான்.

கடைசியில் ஒப்புக்கொண்டாய். "ஞானஸ்நானம் முடியட்டும்க்கா. திங்கக்கிழமை போறேன்."

உன் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். பிரியாணிக்குச் சொல்லி, பந்தல் போட்டு, நாற்காலிகளை இறக்கி, நடுநடுவே பல்லில் கம்பி மாட்டியவர்களுக்கு முறுக்கிவிட்டு, அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் உன் நோயாளிகள் சாயும் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாய். விருந்துக்கு வந்த நாற்காலிகளில் உன் சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஆலயத்தில் போதகர் ஐயர், ஆண்டவர் உன்னை அழைத்துக்கொண்டார் என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாரும் உன்னை அழைக்கவில்லை. நீ திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட்டாய், அவ்வளவுதான்.

அன்று உன்னைப் புகழ்ந்தவர்கள் சொன்னதெல்லாம் உண்மை என்பது இன்னும் எரிச்சல். மெர்சிக்குக் காலைப் பணி இருந்த நாட்களில் மகள்களுக்கு இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டவன் நீ. பெரிய மாநாடுகளில் விருந்து தொடங்கும் முன்பே ரயிலேறிவிடுவாய், பிள்ளைகள் எழும்போது வீட்டில் இருக்க வேண்டும் என்று. கல்யாண வீட்டில் மணமேடையேறி வாழ்த்துச் சொல்வதற்கு முன், "கம்பி எடுத்த பல்லுக்கு ராத்திரி பிளேட்டு போடுதியா, விட்டுட்டியா?" என்று மணப்பெண்ணைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டாரைத் திகைக்க வைப்பாய். "பல்லு பழைய இடத்தை மறக்கவே மறக்காதுக்கா. நாமதான் பிடிச்சு வைக்கணும்" என்பாய். ஊரில் உன்னைக் கம்பி டாக்டர் என்றார்கள். எல்லோருடைய வாயும் உனக்கு நினைவிருந்தது.

அதுதான் சிக்கலாகிவிட்டது. நீ போகும்போது வாயில் கம்பியோடு நின்றவர்களை யாரிடம் ஒப்படைப்பது என்று நீ யோசித்ததே இல்லை. கடையில் வளைத்தே விற்கும் கம்பியை நீ கையால் தொடமாட்டாய். ஒவ்வொன்றையும் நீயே வளைப்பாய். எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறாய் என்பது உன் விரலுக்கு மட்டுமே தெரியும். பலர் வேறு மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். தருவைகுளத்து ரோஸ்லின் மட்டும் உன் வீட்டுக்கு வந்து மெர்சியின் முன்னால் நின்றாள். மெர்சி அழுதாள். அதைப் பார்த்து அவளும் அழுதாள். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"தையில கல்யாணம் மேடம். டாக்டர் நானே முடிச்சுத் தாரேன்னு சொன்னாவ. இப்பம் போற இடத்துல எல்லாம், இன்னொருத்தர் கட்டுனதுல கை வைக்க மாட்டோம், அறுத்துட்டுப் புதுசாக் கட்டணும்னு சொல்லுதாவ. அத்தை வீட்டுல, கட்டவே வேண்டாம், கழட்டிட்டு வந்தாப் போதும்னு சொல்லுதாவ."

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். சம்பளத்தில் தன் பல்லைத் தானே சீர் செய்துகொள்ள வந்தவள். கழற்றினால் உன் உழைப்பும் அவள் பொறுமையும் பழைய இடத்துக்கே திரும்பிப் போகும். அதை நான் அனுமதிப்பதாக இல்லை. உன் மேல் இருந்த கோபத்துக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டியிருந்தது.

எஸ்தரை நினைவிருக்கிறதா? உன்னிடம் சில காலம் வேலை பார்த்து, கையால் கம்பி வளைப்பது காலத்தை வீணாக்குவது என்று சண்டை போட்டுப் பிரிந்தவள். அவள் பாளையங்கோட்டையில் தனியாக வைத்தியம் பார்க்கிறாள். தொலைபேசியில் பேசினேன். முதல் நாள் எடுத்த அச்சு இல்லாமல் வாயைத் திறக்கக்கூடச் சொல்ல மாட்டேன் என்றாள். உன் பின்கட்டு அறையில் உத்தரம் வரை அடுக்கியிருந்த மக்ரூன் பெட்டிகளைத் தும்மிக்கொண்டே இறக்கினேன். இந்த வெள்ளைப் பற்களை எல்லாம் கடலில் கொட்டு என்று எத்தனை முறை உன்னிடம் சொல்லியிருப்பேன். ரோஸ்லினின் அச்சு ஜன்னலோரப் பெட்டி ஒன்றில் இருந்தது. அடியில் பென்சிலில் அவள் பெயர்.

பாளையங்கோட்டையில் எஸ்தர் அச்சையும் ரோஸ்லினின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெடிமேட் கம்பி போட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும் மேடம்" என்றாள். ஆம் என்றேன். பிறகு அவள் அச்சை மறுபடியும் கையில் எடுத்தாள். "ஆனா எங்க கொண்டு போறாருன்னு தெரியுது" என்றாள்.

தைக்குள் முடியாது என்பதும் அன்றே தெரிந்தது. திரும்பும்போது பேருந்தில் ரோஸ்லின் முறப்பநாடு வரை ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். கழற்றிவிடச் சொல்லப் போகிறாள் என்று பயந்தேன். பிறகு சொன்னாள்: "கம்பியோடயே கட்டிக்கிடுதேன் மேடம். போட்டோவுல வாய மூடிட்டு நின்னுக்கிடுவேன். எங்க அத்தைக்கும் மருமவ வாய மூடிட்டு இருந்தா சந்தோசம்தான்."

அவள் அப்படியே நின்றாள். படத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டு, யாரையோ அடிக்கப் போகிறவள் போலத் தெரிகிறாள். அதன் பிறகும் மாதந்தோறும் போய் வந்தோம். மடியில் உன் பெட்டியை வைத்துக்கொண்டு நான், பக்கத்தில் அவள். அந்த அச்சு உடைந்துவிடுமோ என்று ஒவ்வொரு பள்ளத்திலும் ஓட்டுநரைத் திட்டினேன்.

இன்று கம்பியை எடுத்தார்கள். ரோஸ்லின் நாக்கால் பல்லைத் தடவி, "வழுக்குது" என்றாள். வெளியே காத்திருந்த அவள் கணவன் நிமிர்ந்து பார்த்தான், பார்த்தபடியே இருந்தான். "என்ன, ஆள் மாறிட்டேனா?" என்று கேட்டாள். "இல்ல, இவ்வளவு பல்லு இருக்குன்னு தெரியாது" என்றான்.

எஸ்தர் கைகளைத் துடைத்துக்கொண்டு, "சார் பாத்திருந்தா இன்னும் ஒரு மாசம் போடச் சொல்லியிருப்பாரு" என்றாள்.

"பாக்க இருந்திருக்கணும்ல" என்றேன். என் குரல் உரக்க ஒலித்திருக்க வேண்டும். வரவேற்புப் பெண் எட்டிப் பார்த்தாள்.

புதிதாக எடுத்த அச்சையும் எஸ்தர் என்னிடமே கொடுத்தாள். இரண்டையும் ஒரே துண்டில் சுற்றி எடுத்து வந்தேன். ரோஸ்லினிடம் இரவில் பிளேட்டை மறக்காமல் போடச் சொன்னேன். நீ சொன்னதைத்தான் சொன்னேன்; உன்னைப் போலவே சொன்னேன் என்று அவள் சிரித்தாள்.

மாலையில் வீடு திரும்பி மாடிப்படி ஏறினேன். நீ மீன் பையோடு நின்ற அந்தத் திருப்பம் வந்தால் இப்போதெல்லாம் என் கை தானாகத் தாடைக்குப் போகிறது. வலியொன்றும் இருப்பதில்லை. இன்று இரண்டு கைகளிலும் பெட்டியைப் பிடித்திருந்தேன். நின்று, பெட்டியைப் படியில் வைத்து, தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினேன்.

அக்கா